ஏழு ஞாயிறுகளும் ஒரு நாளும்

1

ஊர் விளையாட்டுக் கழகத்திலிருந்து போன மாதம் எனக்கு ஒரு செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடத்தும் கிரிக்கெட் போட்டியைப் பற்றி உங்களுக்குள் இரண்டு கட்சியாம். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒரு தடவையாவது ஆடும் பழைய நீளப் போட்டியே இருக்கட்டும் என்பது ஒரு கட்சி. ஆறு ஓவர், தோற்றால் வெளியே, சாயங்காலத்துக்குள் கோப்பை என்பது இன்னொரு கட்சி. பம்பாயில் நாங்கள் இதே மாற்றத்தைச் செய்தோம் என்பதும், அதற்கு நான்தான் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன் என்பதும் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. அட்டவணையை அனுப்பச் சொன்னீர்கள். கூடவே கழக மலருக்கு நான்கு பக்கம் எழுதவும் கேட்டீர்கள்.

அட்டவணையை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அதில் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பொறியியல் படித்தவள். மருத்துவமனைக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. பம்பாய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. செம்பூரில் வீடு, கணவர், ஏழு வயது மகள். என் தம்பி செல்வின் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஐ.டி.ஐ. முடித்ததும் அவனை இங்கே கூட்டி வந்தது நான்தான். இந்தப் பக்கங்கள் அவனைப் பற்றியவை. கிரிக்கெட்டைப் பற்றியும்.

2

எங்கள் போட்டியில் எட்டு அணிகள். தாராவியிலிருந்து மூன்று, செம்பூரிலிருந்து இரண்டு, சயான், மாட்டுங்கா, அம்பர்நாத்திலிருந்து ஒவ்வொன்று. எல்லாம் தமிழர்கள். அணிக்கு முப்பது ஓவர். ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டம், வாரத்துக்கு ஒன்றாக ஏழு ஞாயிறு, ஒரே மைதானத்தின் நான்கு பிட்ச்சுகளில். மொத்தம் இருபத்தெட்டு ஆட்டங்கள். ஆறு வருடம் இதற்கு ஸ்கோர் எழுதியவள் நான்.

காலை ஆராதனை முடிந்து ஆட்கள் வந்து சேர ஒன்பது மணி ஆகும். தோல் பை தைக்கும் பட்டறைக்காரர்களின் அணி மட்டும் எட்டரைக்கே வந்து நிற்கும். அதன் தலைவர் ஹமீது பாய்தான் போட்டிக்கே செயலாளர். "சாமியார் இன்னும் ஆமென் சொல்லலியாமா?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்பார். மாட்டுங்காக்காரர்கள் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வருவார்கள். அவர்களுடைய பெரிய பிளாஸ்கில் எல்லா அணிக்கும் காபி உண்டு.

நடுவர்களுக்கு வெளியிலிருந்து ஆள் வைக்க வசதி கிடையாது. அதனால் மட்டை பிடிக்கும் அணியே தன் ஆட்களில் இரண்டு பேரை நடுவராக நிறுத்த வேண்டும். சொந்த அணிக்காரனுக்குச் சொந்த அணிக்காரனே அவுட் கொடுக்க வேண்டும். கேட்டால் நடக்காத காரியம் போலத் தோன்றும். ஆனால் நடந்தது. யோசிக்காமல் விரலைத் தூக்குகிறவனுக்கு மைதானத்தில் ஒரு பெயர் இருந்தது. கை சுத்தம் என்பது போல, 'வெரல் சுத்தம்'. செல்வின் பெரிய ஆட்டக்காரன் இல்லை. நிதானமாக நின்று முப்பது ஓட்டம் எடுப்பான், அவ்வளவுதான். ஆனால் எட்டு அணியிலும் அவனை விட வெரல் சுத்தமானவன் இல்லை என்று பேச்சு.

ஒரு வருடம் அம்பர்நாத் அணித் தலைவர் தங்கதுரைக்கே எல்.பி. அவுட் கொடுத்துவிட்டான். தங்கதுரை அவன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரும்கூட. மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டே போனார், அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. மறு ஞாயிறு அணி முதலில் மட்டை பிடிக்க இறங்கியபோது, "ஏல செல்வின், நீயே போயி நில்லு. வேற எவன் நின்னாலும் எதிராளி நம்ப மாட்டான்" என்றார். அவன் போய் நின்றான். அத்தோடு தீர்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் செல்வின் செம்பூருக்கு வருவான். துவைக்கும் இயந்திரத்தில் வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டு, என் கணவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு சாப்பிடுவான், தூங்குவான். துணி காய்ந்ததும் ரயிலைப் பிடிப்பான். அவன் தொழிற்சாலையில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எனக்கு ஞாயிறு. போட்டிக் காலத்தில் மட்டும் அணிக்காரர்களுக்கு ஷிப்ட் மாற்றி ஞாயிறு கிடைக்கும்படி தங்கதுரை பார்த்துக்கொள்வார். பயிற்சியும் சேர்த்தால் வருடத்தில் மூன்று மாதம். மற்ற ஒன்பது மாதம் நானும் தம்பியும் ஒரே நகரத்தில் இருந்துகொண்டு போனில் பேசிக்கொள்கிறவர்கள்.

3

நீளப் போட்டிக்கு ஏன் முடிவு கட்டினோம் என்று கேட்பீர்கள். முதல் காரணம் மைதானம். ஏழு ஞாயிறுக்கும் தனித்தனி விண்ணப்பம், ஏழுக்கும் தனித்தனியாகக் காவல் நிலையத்தின் ஆட்சேபனை இல்லைக் கடிதம். வார்டு அலுவலகத்துக்கு நான்தான் போவேன், காகிதங்களை வரிசையாக அடுக்கி எடுத்துப் போவேன் என்பதால். கவுண்டரில் இருந்தவர் மராத்தியில் கேட்பார், நான் இந்தியில் சொல்வேன். அவருக்கு இந்தி தெரியும். எனக்கு மராத்தி புரியும். இருந்தும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் நிற்போம்.

ஒரு முறை அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்களே, உங்கள் ஆட்களோடு மட்டும்தான் விளையாடுவீர்களா என்று கேட்டார். மூன்றாவது பிரதி எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

ஆறாவது வருடம் நான்காவது ஞாயிறுக்கான அனுமதியைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள், ஏதோ கூட்டத்துக்காக. அம்பர்நாத்திலிருந்து கிளம்பிவிட்ட பதினொரு பேருக்கும் ஆளுக்கொன்றாகப் போன் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அன்று முடிவு செய்தேன், இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று.

4

ஊரில் எனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மை கொஞ்சம் வேறு. ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் விளையாட வேண்டும் என்று கேட்கப் போயிருந்தேன். மாஸ்டர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஸ்கோர் நோட்டைக் கொடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பையன்கள், இந்தப் பக்கம் நான். எதையும் சரியாகக் குறித்து வைத்தால் போதும், யாரும் என்னை எழுப்பிவிட மாட்டார்கள் என்பதை அங்கே கற்றேன். ஸ்கோரர் எதையும் பார்ப்பதில்லை, நடுவர் காட்டுவதை எழுதுகிறவர் என்பதும் அவர் சொன்னதுதான். இந்த இரண்டு பாடத்தை வைத்துக்கொண்டுதான் இங்கே உத்தியோகமும் பார்க்கிறேன்.

உங்கள் மைதானத்தில் இன்றைக்குப் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

5

கூட்டம் ஹமீது பாயின் பட்டறையில் நடந்தது. தைத்து முடித்த பைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். என் அட்டவணையை எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தேன். சுருக்கமாக இதுதான்:

நீளப் போட்டிக்கு ஏழு நாள் அனுமதி, குட்டைப் போட்டிக்கு ஒரு நாள்.
இருபத்தெட்டு ஆட்டம், ஏழு ஆட்டம்.
பார்க்க வருகிறவர்கள்: நீளத்தில், வெளியே உட்கார்ந்திருக்கும் அணிக்காரர்கள் மட்டும். மற்றதில் குடும்பம் முழுக்க.
ஐந்தாவது வாரத்துக்குள் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும், பின்னால் வரும் ஆட்டங்கள் சடங்கு. மற்றதில் கடைசிப் பந்து வரை தெரியாது.
காயம், விடுப்பு, ரயில் அலைச்சல்: இங்கே (நீளத்தில்) அதிகம், அங்கே (குட்டையில்) குறைவு.
திறமை சரியாக அளக்கப்படுவது: இங்கே கூடுதல். அங்கே அதிர்ஷ்டம் கூடுதல்.
பரிசு கொடுக்க ஆள்: இங்கே யாரும் இல்லை. அங்கே ஒரு கட்டட நிறுவனம் தயார்.

ஹமீது பாய் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு மாதிரி இருக்கேம்மா. ஆளு பொழைப்பானா மாட்டானா, அத மட்டும் சொல்லு" என்றார்.

ஒரு நாள் போட்டிதான் பிழைக்கும் என்று சொன்னேன். தலைகள் ஆடின. மாட்டுங்காக்காரர் ஒருவர் மட்டும் முப்பது ஓவர் ஆட்டத்தில் ஒருவன் தப்பு செய்தால் அதைத் திருத்திக்கொள்ளவும் நேரம் இருக்கிறது என்றார். அது அளக்கக்கூடிய விஷயம் இல்லை என்று பதில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

செல்வின் பின்னால் பைக்கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தான். "எக்கா, ஏழு வாரம் ஒரு வாரமாவுதுன்னா, மீதி ஆறு வாரம் நான் எங்க போவ?" என்று கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

புது விதிமுறைகளையும் நானே எழுதினேன், பதினான்கு விதிகள். நடுவர் விஷயத்தில் எதையும் மாற்றவில்லை. மட்டை பிடிக்கும் அணியே நடுவர்களைத் தரும். ஆறு வருடம் பழுதில்லாமல் ஓடிய ஒன்றை ஏன் தொட வேண்டும் என்று நினைத்தேன். அது எதன் மேல் நின்றுகொண்டிருந்தது என்று நான் சோதிக்கவில்லை.

6

அந்த ஒரு நாள் நன்றாகவே இருந்தது. இதை மறைத்தால் நான் எழுதும் எதுவும் நியாயமாகாது.

ஒலிபெருக்கி, பந்தல், டென்னிஸ் பந்து. வர்ணனை இந்தியில். முதல் முறையாகப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதுவரை எந்த ஞாயிறும் மைதானத்துக்கு வர மாட்டேன் என்று அழுத என் மகள், அன்று நகரவில்லை. பந்து கூட்டத்துக்குள் விழும்போதெல்லாம் எழுந்து ஆடினாள். மாமா எப்போது ஆடுவார் என்று இந்தியில் கேட்டாள். அவளுக்குத் தமிழில் கேட்டால் புரியும், பதில் வராது. மாமா மட்டும் விடாமல் தமிழிலேயே பேசுவான். அவள் சிரித்துக்கொண்டே தப்பும் தவறுமாகப் பதில் சொல்வாள். வாரம் ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டுக்கு முன்னால், அவள் படித்த தமிழ் அவ்வளவுதான். அதற்கு என் அட்டவணையில் வரிசை போடவில்லை.

ஆனால் நோட்டில் ஒன்று கவனித்தேன். காலையில் நடந்த நான்கு ஆட்டத்திலும் எல்.பி. ஒன்றுகூட இல்லை. நூலிழை ரன் அவுட்டுகளில் எல்லாமே நாட் அவுட். முதல் பரிசு பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு புதுக் கைபேசி. தோற்றால் பத்து மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இன்று முகத்துக்கு நேராக ஏமாற்றப்பட்டவனை அடுத்த வாரம் பார்க்க வேண்டியதில்லை. எட்டு அணிக்கும் இது ஒரே காலையில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் புரிந்துவிட்டது. செல்வினைத் தவிர.

7

அரையிறுதி. அம்பர்நாத்துக்கும் மாட்டுங்காவுக்கும். செல்வினை ஆட அழைக்கவில்லை, ஆறு ஓவரில் நிதானத்துக்கு இடமில்லை. ஸ்கொயர் லெக்கில் நடுவராக நின்றான். இரண்டு பந்தில் நான்கு ஓட்டம் வேண்டும். தங்கதுரை தூரத்துக்கு அடித்துவிட்டு ஒன்று ஓடி, இரண்டாவதுக்குத் திரும்பினார். பந்து நேராகக் கீப்பர் கைக்கு வந்தது. ஸ்டம்ப் சாய்ந்தது.

செல்வின் விரலைத் தூக்கினான்.

ஸ்கோர் மேசை அவனுக்கு நேர் எதிரே, கோட்டுக்கு வாகாகப் போட்டிருந்தது. நான் பார்த்தேன். தங்கதுரையின் மட்டை அந்தரத்தில் இருந்தது. கோட்டைத் தொட இன்னும் ஒரு முழங்கை தூரம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கடைசிப் பந்தில் புதிதாக வந்தவனுக்கு மட்டையில் படவில்லை. அம்பர்நாத் வெளியே.

அதன் பிறகு நடந்ததை நிதானமாக எழுதப் பார்க்கிறேன். அவனைச் சுற்றி நின்றவர்கள் அவன் அணிக்காரர்கள். "ஏல, ஒனக்கு மாட்டுங்காவுல பொண்ணு பாத்துருக்காவளா?" என்று ஒருவன் கேட்டான். பேரம் என்ன என்று இன்னொருவன். ஒருவன் தொப்பியைத் தட்டிவிட்டான். செல்வின் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "அவுட்டுதாம்லே. அவுட்டு."

கூட்டம் அப்படியே என் மேசைக்கு நகர்ந்தது. ஹமீது பாய் முன்னால் வந்தார். "நீ நேருக்கு நேரா இருந்தியேம்மா. என்ன பாத்த? நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

தங்கதுரை பின்னாலிருந்து, "தம்பிக்கு அக்கா சாட்சியா? நல்லாருக்கு" என்றார்.

செல்வின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தோன்றியவை இவை. சொன்னால் தம்பிக்காகச் சொல்கிறாள் என்பார்கள். இறுதி ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, பரிசு கொடுக்கிறவர் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாவது விதி, நான் எழுதியது, ஸ்கோரர் தீர்ப்பில் தலையிடக் கூடாது என்கிறது. ஒவ்வொன்றும் சரியான காரணம்.

"ஸ்கோரர் அதப் பாக்கிறதில்ல பாய். அம்பயர் சொல்றத எழுதறவ" என்றேன். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். ரன் அவுட் என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது.

கூட்டம் கலைந்தது. செல்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வராமல் சயான் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மகள் "மாமா" என்று கூப்பிட்டாள். அவன் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

8

பழைய போட்டியாக இருந்தால் அடுத்த ஞாயிறு என்று ஒன்று வந்திருக்கும். தங்கதுரை முறைத்துக்கொண்டாவது வந்திருப்பார். நானும் ஒரு வாரம் யோசித்துவிட்டு, காபி குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பேன். நீளப் போட்டியின் கவர்ச்சி ஆட்டத்தில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஆட்டம் பல ஞாயிறுகளில் தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும். செய்த தப்போடு திரும்ப வந்து நிற்க ஓர் இடம் கிடைக்கிறதே, அதுதான். குட்டைப் போட்டியில் அது தேவைப்படாது. கோப்பையைக் கொடுத்துப் பந்தலைப் பிரித்துவிடலாம்.

செல்வினை யாரும் தண்டிக்கவில்லை. தங்கதுரை அவனுக்கு ஷிப்ட் மாற்றித் தருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். சட்டப்படி அவனுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமைதானே. பயிற்சிக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவன் செம்பூருக்கு வரவில்லை. போன் எடுப்பான். நல்லாருக்கேன் என்பான். மகளிடம் போனைக் கொடுத்தால் அவள் இந்தியில் கேட்பதற்கு இப்போது அவனும் இந்தியிலேயே பதில் சொல்கிறான்.

உங்கள் செய்தி வந்து, அட்டவணையை எடுத்து அனுப்பிய வாரம், வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அம்பர்நாத்துக்குப் போனேன்.

9

நான்கு பேர் தங்கும் அறை. மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். சாப்பிடாமல் இரு என்று சொல்லிவிட்டுக் கறிக்குழம்பு எடுத்துப் போயிருந்தேன். அவன் தின்று முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன். நான் பார்த்தேன், அது அவுட், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியும்" என்றான். "நான் கையத் தூக்கும்போதே ஒன்னத்தான் பாத்தேன். ஒன் மூஞ்சிலயே இருந்துச்சு."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான்.

"எனக்குத்தான் தெரியுமே எக்கா. என்கிட்ட எதுக்குச் சொல்லுத? சொல்லணும்னா அவர்கிட்ட சொல்லு. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

போனோம். தங்கதுரை பனியனோடு ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவியைக் கூப்பிட்டு, செம்பூரிலிருந்து தங்கச்சி வந்திருக்கு என்று சொன்னார். செல்வின் வாசல்படியில் நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு, பரவாயில்லை என்றான்.

நான் வரிசையாகச் சொன்னேன். மேசை எங்கே இருந்தது, மட்டை எவ்வளவு உயரத்தில் இருந்தது, கோடு எவ்வளவு தூரத்தில் இருந்தது. கேட்டபோது சொல்லாமல் இருந்தது என் தப்பு.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"இதுக்கா ரயிலேறி வந்திய? அது அன்னைக்கே முடிஞ்சிட்டு தங்கச்சி. ஒரு நாள் மேட்ச்சு. மறுநாளு எவன் அத நெனைக்கான்?"

அப்படியானால் அவனுக்கு ஞாயிறு கிடைக்குமா, அணியில் இருப்பானா என்று கேட்டேன்.

"டீம் போட்டாச்சே. எல்லாம் சின்னப் பயலுவ, வந்தவொடன அடிப்பானுவ. நம்ம செல்வின் நெதானம். அது ஆவாது, ஆறு ஓவர்னு நீங்கதான எழுதிருக்கிய. அவன் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது, கேட்டுக்கிடுங்க."

பொய் சொல்லவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. பேசித் தீர்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

அவர் மனைவி மூன்று கிளாஸில் டீ கொண்டுவந்தார். டீ குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்றார் தங்கதுரை. குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். வாசல்படியில் நின்றவனுக்கும் ஒரு கிளாஸை நீட்டினார்கள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தம்மா கை வலித்துத் திரும்ப எடுத்துப் போகும் வரைக்கும், என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.